குழந்தையின் தொழிற்பெயர்கள்: அன்றாடச் செயல்களும் உணர்ச்சிச் சீராக்கமும்

 

மொழியையும் இலக்கியத்தையும் பற்றிய சொற்பொழிவுகள் நிகழும் இவ்வரங்கில் ஒரு சிகிச்சை முறையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அழைப்பு வந்தபோது எனக்கும் அத்தயக்கம் இருந்தது. ஆனால், என் துறையின் பெயரைத் தமிழில் எவ்வாறு சொல்வது என்று சிந்திக்கத் தொடங்கியவுடனேயே, இது மொழியரங்கிற்கும் உரிய பொருள்தான் என்பது விளங்கிற்று. ஆகவே, பெயரிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆக்குபேஷனல் தெரபி என வழங்கும் இத்துறையைத் தமிழில் சிலர் தொழில்முறைச் சிகிச்சை என்கின்றனர். சிலர் தொழில்சார் சிகிச்சை என்கின்றனர். வேறு சிலர் செயல்முறைச் சிகிச்சை என்கின்றனர். தொழில் என்னும் சொல்லைக் கேட்டதும் பெற்றோர் திகைக்கின்றனர். நான்கு வயதுக் குழந்தைக்கு என்ன தொழில் இருக்க முடியும், இவர்கள் என்ன வேலைக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறார்கள் என்று வினவுகின்றனர். வினா நியாயமானதே. இன்றைய பேச்சுவழக்கில் தொழில் என்றால் பிழைப்பு. வருமானம் தரும் வேலை.

ஆனால், இங்கே கூடியிருக்கும் தமிழாசிரியர்களுக்கு அச்சொல்லின் வேறொரு பொருள் நன்கு தெரியும். தொழிற்பெயர் என்று மாணவர்களுக்குக் கற்பிக்கிறீர்கள். உண்ணல், உடுத்தல், குளித்தல், நடத்தல், எழுதுதல், விளையாடுதல் ஆகியவற்றைச் சான்றாகக் கரும்பலகையில் எழுதுகிறீர்கள். இலக்கணத்தில் தொழில் என்பது பிழைப்பு அன்று, செயல். இப்போது நான் சொன்ன ஆறு தொழிற்பெயர்களையும் மீண்டும் நினைத்துப் பாருங்கள். குழந்தையோடு பணிபுரியும் செயல்முறைச் சிகிச்சையாளரின் வேலைப் பட்டியல் ஏறத்தாழ அதுவேதான். ஒரு குழந்தை நாள்தோறும் செய்ய வேண்டியதும் செய்ய விரும்புவதுமான செயல்களைத் தானே செய்யும்படி துணைநிற்பதே இத்துறை.

இத்துறையின் பிறப்பும் இக்கருத்தையே காட்டும். 1917ஆம் ஆண்டு மார்ச் மாதம், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில் சிலர் கூடி இத்துறைக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினர். அவர்களுள் ஒருவர் ஜார்ஜ் பார்ட்டன், கட்டடக் கலைஞர். காசநோயாலும் பக்கவாதத்தாலும் நலிந்த அவர், தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்தே தம் உடலையும் மனத்தையும் தேற்றிக்கொண்டவர். படுக்கையில் சும்மா கிடப்பதைவிடப் பொருளுள்ள ஒரு செயலில் ஈடுபடுவது மனிதனை மீட்கும் என்பது அவரது பட்டறிவு. முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களிடம் அக்கருத்து பயன்படுத்தப்பட்டது. காலப்போக்கில் அது குழந்தைகளிடமும் வந்து சேர்ந்தது.

ஒரு சிறுவனின் இடைவேளை

இனி, ஒரு சிறுவனை உங்கள் முன் நிறுத்துகிறேன். இவன் தனியொரு குழந்தை அல்லன்; பலரிடம் காணப்படும் இயல்புகளைச் சேர்த்து நான் வரைந்த சித்திரம். வயது ஏழு, தொடக்கப்பள்ளியில் முதலாம் வகுப்பு. படிப்பில் மந்தமில்லை. கதை கேட்பதில் ஆர்வம் மிகுதி. ஆனால், வாரத்தில் மூன்று நான்கு நாள் தமிழ் வகுப்பில் பென்சில் பெட்டியைத் தூக்கி எறிகிறான்; மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான்; அழைத்தால் கத்துகிறான். மற்றப் பாடங்களில் இவ்வளவு இல்லை. எனவே, பையனுக்குத் தமிழ் பிடிக்கவில்லை என்று எல்லாரும் ஒரு முடிவுக்கு வருகின்றனர். பிடிவாதக்காரன், செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளை என்னும் சொற்களும் பின்னாலேயே வருகின்றன.

செயல்முறைச் சிகிச்சையாளர் அவனைத் தமிழ் வகுப்பில் மட்டும் பார்ப்பதில்லை; அதற்கு முன் வரும் இடைவேளையிலும் பார்க்கிறார். பள்ளி உணவகத்தில் நூற்றுக்கணக்கான குழந்தைகளின் இரைச்சல். தட்டுகள் மோதும் ஓசை. சிறுவன் காதைப் பொத்திக்கொண்டு வரிசையில் நிற்கிறான். அவன் முறை வருகிறது. பணப்பையின் ஜிப்பைத் திறக்க முடியவில்லை. சில்லறை கீழே விழுகிறது. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். உணவுத் தட்டை ஏந்திக்கொண்டு நடக்கையில் சூப் சிந்துகிறது. உட்கார்ந்து தண்ணீர்ப் புட்டியைத் திறக்க முயல்கிறான், இயலவில்லை. இரண்டு வாய் உண்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. பசியோடும் தாகத்தோடும் வகுப்பறைக்கு ஓடுகிறான். அங்கே தமிழாசிரியர் அன்போடு வரவேற்று, பத்துச் சொற்களைப் பார்த்து எழுதச் சொல்கிறார். பென்சில் பெட்டி பறக்கிறது.

இப்போது சொல்லுங்கள். இச்சிறுவனுக்குப் பிடிக்காதது தமிழா? தமிழ் வகுப்பு இடைவேளைக்கு அடுத்து வந்தது என்பதுதான் அவ்வகுப்பு செய்த ஒரே குற்றம். கணக்குப் பாடம் அந்நேரத்தில் இருந்திருந்தால், பையனுக்குக் கணக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருப்போம்.

இன்று நான் சொல்ல வந்த கருத்து இதுதான். ஒரு குழந்தை கொந்தளிக்கும்போது, இவன் ஏன் இப்படி நடந்துகொள்கிறான் என்று கேட்பதற்கு முன், எந்தச் செயல் இவனுக்குக் கடினமாக இருக்கிறது, அச்செயலின் எந்தப் படியில் இவன் தடுக்கி விழுகிறான் என்று கேட்போம். அன்றாடச் செயல்திறனும் உணர்ச்சியின் சீர்மையும் இரண்டு தனித்தனிப் பாடங்கள் அல்ல. ஒன்று இடறினால் மற்றொன்றும் இடறும். ஒன்று தேறினால் மற்றொன்றும் தேறும்.

சீராக்கம் என்பது அடக்குதல் அன்று

உணர்ச்சிக் கட்டுப்பாடு என்னும் தொடரை நாம் பெரிதும் கையாளுகிறோம். கட்டுதல், அடக்குதல் என்னும் பொருள் அதில் மேலோங்கி நிற்பதால், நான் உணர்ச்சிச் சீராக்கம் என்னும் தொடரை விரும்புகிறேன். அடுப்பின் தீயைச் சமையலுக்கேற்பக் கூட்டுவதும் உண்டு, குறைப்பதும் உண்டு. அணைத்துவிட்டால் சோறு வேகாது. ஓட்டப்பந்தயத்தில் நிற்கும் குழந்தைக்கு வேண்டிய கிளர்ச்சி வேறு. கதை கேட்கும் குழந்தைக்கு வேண்டிய அமைதி வேறு. சோர்ந்து தூங்கி வழியும் குழந்தையை விழிப்புக்குக் கொண்டுவருவதும் சீராக்கமே.

இத்திறனோடு எந்தக் குழந்தையும் பிறப்பதில்லை. அழும் பச்சிளங்குழந்தையைத் தாய் மார்போடு அணைத்துத் தட்டிக்கொடுக்கிறாள், தாலாட்டுகிறாள். அங்கே அமைதி முதலில் தாயினுடையது, பின்பே குழந்தையினுடையது. பிறர் துணையோடு பல்லாயிரம் முறை அமைதியடைந்த குழந்தையே, தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ளக் கற்கிறது. திட்டமிடுவதற்கும் உந்துதலை நிறுத்திவைப்பதற்கும் துணைசெய்யும் மூளையின் முன்நெற்றிப் பகுதி, இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஏழு வயதுக் குழந்தையிடம் முதிர்ந்தவரின் நிதானத்தை எதிர்பார்ப்பது, நாற்றிடம் நெல் கேட்பது போன்றது.

உணர்ச்சி உடலில் நிகழ்கிறது என்பதைத் தமிழ் மரபு நன்கு அறிந்திருந்தது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே உண்டு. அச்சம், வெகுளி, உவகை உள்ளிட்ட எட்டு மெய்ப்பாடுகளை அது வகுத்துரைக்கிறது. மெய் என்பது உடல். உள்ளத்தில் தோன்றுவது உடலில் புலப்படுவதே மெய்ப்பாடு. அவ்வியல் பேசுவது இலக்கியத்தை. நான் பேசுவது சிகிச்சையை. இரண்டையும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். ஆயினும், சினத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் உடலைப் பார் என்னும் பாடம் இரண்டிற்கும் பொது.

உடலைப் பார்ப்பதென்றால் புலன்களைப் பார்ப்பது. ஐம்புலன்களை நாம் அறிவோம். சிகிச்சையாளர்கள் மேலும் மூன்றைக் கணக்கில் கொள்வர். தலையின் அசைவையும் சமநிலையையும் உணர்த்தும் உட்செவியின் உணர்வு ஒன்று. கை கால்கள் எங்கே இருக்கின்றன, எவ்வளவு விசையைச் செலுத்துகின்றன என்று உணர்த்தும் தசை, மூட்டு உணர்வு மற்றொன்று. பசி, தாகம், நெஞ்சுத் துடிப்பு, சிறுநீர் முட்டுதல் முதலிய உள்ளுடல் உணர்வு மூன்றாவது. புலன்வழி வரும் செய்திகளை மூளை ஒருங்கிணைப்பதற்கும் கற்றலுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 1972ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டவர் ஜீன் ஏயர்ஸ் என்னும் அமெரிக்கச் செயல்முறைச் சிகிச்சையாளர்.

ஒரே ஓசை எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவில் கேட்பதில்லை. ஒருவனுக்கு மின்விசிறியின் இரைச்சலே பாடத்தைக் கேட்கவிடாத அளவு பெரிதாக இருக்கும். இன்னொருவன் பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பமாட்டான். ஒருத்திக்குச் சட்டையின் கழுத்துப்பட்டியில் தைத்த சிறு துணி முள்ளாய்க் குத்தும்; மற்றொருத்தி விழுந்து முழங்கால் சிராய்த்ததையும் உணராமல் ஓடிக்கொண்டிருப்பாள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இத்தகைய வேறுபாடு அடிக்கடி காணப்படுகிறது. 2013ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில், ஆட்டிசத்தை அடையாளம் காணும் கூறுகளுள் ஒன்றாக இதுவும் சேர்க்கப்பட்டது. நம் சிறுவன் உணவகத்தில் காதைப் பொத்திக்கொண்டது நடிப்பன்று.

மூன்று மாற்றங்கள்

சிகிச்சையாளர் என்ன செய்கிறார்? ஆள், சூழல், செயல் என்னும் மூன்றையும் ஒருங்கே வைத்துப் பார்க்கிறார். கனடாவைச் சேர்ந்த மேரி லா என்பவரும் அவருடைய சகாக்களும் 1996ஆம் ஆண்டு இப்பார்வையை ஒரு மாதிரியாக வகுத்தனர். மூன்றும் எவ்வளவு பொருந்துகின்றனவோ அவ்வளவு செயல் சிறக்கும். பொருந்தாதபோது குழந்தையை மட்டுமே மாற்ற முயல்வது நம் வழக்கமான தவறு.

முதலில் சூழல். நம் சிறுவன் இரண்டு நிமிடம் முன்னதாக உணவகத்திற்குச் செல்ல ஆசிரியர் இசைகிறார். கடைக்கோடியில், சுவரை ஒட்டிய மேசை அவனுக்கு. இதற்குச் செலவு எதுவும் இல்லை.

அடுத்து, செயல். ஜிப் வைத்த சிறிய பணப்பைக்குப் பதிலாக, வாய் அகன்ற பை. தண்ணீர்ப் புட்டியும் எளிதில் திறக்கும் வகையாக மாற்றப்படுகிறது. எழுதுவதற்குப் பத்துச் சொற்களுக்குப் பதில் ஐந்து. கோடுகளின் இடைவெளி சற்றே அகலமாக. இங்கே தமிழாசிரியர்கள் ஒன்றைக் கருத வேண்டுகிறேன். தமிழ் நெடுங்கணக்கில் 247 எழுத்துகள். ட, ப போன்றவை நேர்கோடுகளால் ஆனவை. இ, ஞ, ண போன்றவற்றில் கை பலமுறை சுழன்று திரும்ப வேண்டும். ணகரத்திற்கும் னகரத்திற்கும் சுழிகளின் எண்ணிக்கையே வேறுபாடு. விரல்களின் அசைவைத் திட்டமிடச் சிரமப்படும் குழந்தைக்கு, ண என்று எழுதுவது குறுகிய சந்தில் பேருந்தைத் திருப்புவது போன்றது. உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகள் நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறு பேர் என்று கணக்கிடப்படுகிறது. அவ்வாறாயின், சராசரி வகுப்பொன்றில் ஓரிருவர் இருக்கக்கூடும். சோம்பல் என்று நாம் நினைப்பது அவர்களுள் சிலரிடம் களைப்பாக இருக்கலாம்.

மூன்றாவது, ஆள், அதாவது சிறுவனின் திறன். இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். காலணியின் கயிற்றைக் கட்டக் கற்பிக்கும்போது, நாம் முதற்படியிலிருந்து தொடங்குகிறோம். குழந்தை இரண்டாம் படியில் தோற்று, மீதியை நாமே கட்டி முடிக்கிறோம். ஒவ்வொரு முறையும் அச்செயல் தோல்வியிலேயே முடிகிறது. சிகிச்சையாளர்கள் இதைத் தலைகீழாக்குவர். எல்லாப் படிகளையும் நாம் செய்து, கடைசியாக இழுத்து இறுக்கும் படியைக் குழந்தைக்கு விட்டுவிடுவோம். முடித்தவன் அவன். அது தேறியதும் கடைசி இரண்டு படிகள், பிறகு மூன்று. ஒவ்வொரு நாளும் அச்செயல் அவன் வெற்றியோடு முடிகிறது. ஜிப்பைத் திறப்பதற்கும் பொத்தானை மாட்டுவதற்கும் இம்முறையே.

சற்று வளர்ந்த குழந்தைகளுக்கு வேறொரு முறை உண்டு. குறிக்கோள், திட்டம், செயல், சரிபார்ப்பு என்னும் நான்கு சொற்களைக் குழந்தைக்குக் கற்பிக்கின்றனர். நான் எதைச் செய்ய விரும்புகிறேன், எப்படிச் செய்வேன், செய்து பார்க்கிறேன், திட்டம் பலித்ததா? விடையைச் சிகிச்சையாளர் சொல்வதில்லை, குழந்தையே கண்டுபிடிக்கிறது. கனடாவின் ஹெலன் போலட்டஹைகோ, ஏஞ்சலா மாண்டிச் ஆகியோர் உருவாக்கிய முறை இது. தன் தவறைத் தானே ஆராயப் பழகிய குழந்தை, தவறு நேரும்போது உடைந்துபோவதும் குறைகிறது. செயல்திறன் வளர உணர்ச்சியும் சீராகும் என்று முன்னர்ச் சொன்னது இதனையே.

ஒரு பருவம் கழிகிறது. நம் சிறுவன் தானே பணம் கொடுத்துச் சோறு வாங்குகிறான், உண்டு முடிக்கிறான். தமிழ் வகுப்பின் தொடக்கத்தில், பயிற்சிப் புத்தகக் கட்டைச் சுமந்துசென்று எல்லாருக்கும் வழங்கும் பொறுப்பு அவனுக்கு. சுமக்கும் வேலை சில குழந்தைகளின் உடலை நிலைப்படுத்துகிறது. அதைவிட முக்கியமாக, தொந்தரவு செய்பவன் என்று பெயர் பெற்றவன் உதவி செய்பவன் ஆகிறான். பென்சில் பெட்டி இன்னமும் எப்போதாவது பறக்கிறது. மந்திரம் எதுவும் நிகழவில்லை. வாரத்திற்கு நான்கு முறை நடந்தது மாதத்திற்கு ஒரு முறையானால், அக்குடும்பத்திற்கு அது பெரிய மாற்றம்.

அறிவியலின் எல்லை

என் துறையைப் புகழ்ந்துவிட்டு மட்டும் செல்வது நேர்மையாகாது. புலன் ஒருங்கிணைப்பின் பெயரால் சந்தையில் பல பொருள்கள் விற்பனையாகின்றன. எடை வைத்த மேலாடைகள் குழந்தையின் கவனத்தைக் கூட்டும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. 2012ஆம் ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், புலன்சார் சிகிச்சைகளுக்கான ஆய்வுச் சான்று குறைவாகவே உள்ளது என்றும், அவற்றை நாடும் பெற்றோருக்கு அதனைத் தெளிவாக எடுத்துரைக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. அதன்பின் நடந்த ஆய்வுகளுள் சில, ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் குறிப்பிட்ட முறைப்படி செய்யப்படும் புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சை ஓரளவு பயன் தருவதாகக் காட்டின. விவாதம் இன்னும் முடியவில்லை.

எதற்குச் சான்று வலுவாக உள்ளது? 2019ஆம் ஆண்டு ஐயோனா நோவக், இங்ரிட் ஹோனன் என்னும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், குழந்தைகளுக்கான செயல்முறைச் சிகிச்சை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். குழந்தையே விரும்பித் தேர்ந்த குறிக்கோள், அச்செயலையே நேரடியாகப் பயிலுதல், பெற்றோருக்கு வழிகாட்டல், வீட்டிலும் பள்ளியிலும் தொடரும் பயிற்சி ஆகியவை பயன் தருகின்றன என்று அவர்களின் தொகுப்பு காட்டியது. சோறு உண்ணக் கற்க வேண்டுமானால் சோற்றை உண்டே கற்க வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் சிகிச்சை அறையில் நடப்பதைவிட, மீதமுள்ள நாள்களில் வீட்டிலும் வகுப்பறையிலும் நடப்பதே மிகுதி. ஆகவேதான் இச்செய்தியை ஆசிரியர்களிடம் கொண்டுவந்தேன்.

தமிழின் இடம்

வீடு என்றதும் மொழி வந்துவிடுகிறது. சிங்கப்பூரில் வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தையின் பெற்றோர் பலர், ஆங்கிலம் மட்டும் போதும், தமிழும் சேர்ந்தால் பிள்ளை குழம்பிப்போவான் என்று அஞ்சித் தமிழை விட்டுவிடுகின்றனர். அவ்வச்சத்தை நான் குறைகூற மாட்டேன். பிள்ளையின் நலம் கருதியே அம்முடிவை எடுக்கின்றனர். ஆனால், ஆட்டிசம், டௌன் சிண்ட்ரோம் முதலிய நிலைகளில் உள்ள குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள், இருமொழிச் சூழல் அவர்களின் மொழி வளர்ச்சியைக் கூடுதலாகத் தாமதப்படுத்துவதாகக் காட்டவில்லை. தமிழை விடுவதால் என்ன நேர்கிறது? பாட்டிக்குத் தமிழே மொழி. பாட்டி பேசுவதைப் பேரன் புரிந்துகொள்ளாத நாளில், அவனை அமைதிப்படுத்தத் தெரிந்த ஒருவரை அவன் இழந்துவிடுகிறான். பிறர் துணையோடுதான் குழந்தை அமைதியைக் கற்கிறது என்று சொன்னேன். அத்துணைக்கு ஒரு மொழி வேண்டும்.

உணர்ச்சிக்குப் பெயரிடுவதற்கும் மொழி வேண்டும். 2007ஆம் ஆண்டு மேத்யூ லீபர்மன் என்னும் அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், முகங்களில் தெரியும் உணர்ச்சிக்குச் சொல்லால் பெயரிடும்போது மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய பகுதியின் செயற்பாடு தணிவதைப் பெரியவர்களிடம் கண்டனர். பள்ளிகளில் நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நான்கு நிறங்களால் மனநிலையைக் காட்டும் பட்டியலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். லியா கைப்பர்ஸ் என்னும் செயல்முறைச் சிகிச்சையாளர் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட பாடத்திட்டம் அது. நிறத்தைக் காட்டுவது நல்ல தொடக்கம். ஆனால், சிவப்பு என்று சொல்லும் குழந்தைக்கு உள்ளே என்ன நிகழ்கிறது என்பதை நிறம் சொல்வதில்லை.

இங்கே மீண்டும் இலக்கணம் துணைக்கு வருகிறது. இரட்டைக்கிளவி கற்பிக்கிறீர்கள். நெஞ்சு படபடக்கிறது, தலை கிறுகிறுக்கிறது, கை கால் வெடவெடக்கிறது, தொண்டை நமநமக்கிறது, முகம் கடுகடுக்கிறது. இவற்றுட் பல உடலின் உள்ளுணர்வைக் குறிக்கும் சொற்கள். வயிற்றைப் பிசைகிறது, காது அடைக்கிறது, உடம்பு கூசுகிறது என்னும் தொடர்களும் அவ்வாறே. இவற்றைத் தேர்வுக்கான பட்டியலாக மட்டும் கற்பிக்காமல், உன் நெஞ்சு எப்போது படபடக்கும் என்று ஒவ்வொரு குழந்தையையும் கேட்டுப் பாருங்கள். அவ்வகுப்பில் இலக்கணமும் நடக்கும். உணர்ச்சிச் சீராக்கமும் நடக்கும். கை வலிக்கிறது ஐயா, காது அடைக்கிறது ஐயா என்று சொல்லத் தெரிந்த சிறுவனுக்குப் பென்சில் பெட்டியை எறிய வேண்டிய தேவை குறைகிறது.

வீட்டுச் செயல்களும் அப்படியே. சப்பாத்தி மாவு பிசைதல், கறிவேப்பிலை உருவுதல், பட்டாணி உரித்தல், துணி மடித்தல், சந்தைப் பையின் ஒரு பிடியைத் தூக்கி வருதல் ஆகிய யாவும் விரலுக்கும் தோளுக்கும் நல்ல வேலை. பல்லாங்குழியின் 14 குழிகளிலும் ஒவ்வொரு காயாக இடும் குழந்தை, விரல் நுனியையும் கணக்கையும், தன் முறை வரும்வரை காத்திருக்கும் பொறுமையையும் ஒருங்கே பழகுகிறது. ஆயினும், நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ஏழு வயதிலும் பாட்டி ஊட்டுகிறார். பணிப்பெண் பையைச் சுமக்கிறார். காலையில் நேரமில்லை என்று அம்மா பொத்தானை மாட்டிவிடுகிறார். எல்லாம் அன்பினால்தான். ஆனால், அந்த அன்பு குழந்தையிடமிருந்து ஒவ்வொரு தொழிற்பெயராகப் பறித்துக்கொள்கிறது. பத்து நிமிடம் முன்னதாக எழுப்பி, கடைசிப் பொத்தானை மட்டுமாவது அவனுக்கு விட்டுவிடலாம்.

ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும்

ஆசிரியப் பெருமக்களே, நாற்பது குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் ஆராய இயலாது என்பதை அறிவேன். மூன்று செய்திகளை மட்டும் நினைவில் வைக்க வேண்டுகிறேன். ஒன்று, புயல் வீசும்போது பாடம் நடத்த வேண்டா. அப்போது குரலைத் தாழ்த்துங்கள்; சொற்களைக் குறையுங்கள்; இடம் கொடுங்கள். கற்பிக்க வேண்டியதை, அமைதி திரும்பிய பிறகு கற்பியுங்கள். இரண்டு, ஒரு வாரம் குறித்துவையுங்கள். எப்போது, எங்கே, எச்செயலுக்கு முன்போ பின்போ இது நிகழ்கிறது? நான்கு நாள் குறிப்பிலேயே ஒரு வடிவம் தெரிந்துவிடும். மூன்று, தனியே சுமக்க வேண்டா. பள்ளியில் சிறப்புக் கல்வித் தேவைகளுக்கான அதிகாரி இருக்கிறார். பாலர் பருவத்துக் குழந்தையாயின், பலதுறை மருந்தகத்தின் மருத்துவர் மூலம் மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவை அணுகுமாறு பெற்றோரிடம் சொல்லுங்கள். அதைச் சொல்லும்போது குறையைச் சொல்லித் தொடங்காதீர்கள். அவன் கதையை ஆர்வமாகக் கேட்கிறான், எழுதும்போது மட்டும் கை களைத்துப்போகிறது என்று நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். வெட்கத்தால் மூடிய கதவு கண்டிப்பால் திறவாது; கனிவால் திறக்கும்.

மாணவச் செல்வங்களே, இவ்வுரை சிறு குழந்தைகளைப் பற்றியது மட்டுமன்று. தேர்வுக்கு முந்திய இரவில் உங்கள் நெஞ்சும் படபடக்கிறது. அதற்குப் பெயரிடுங்கள், பெரிய வேலையைப் படிகளாகப் பிரியுங்கள், தூக்கத்தையும் உணவையும் விட்டுவிடாதீர்கள். உங்கள் தம்பியோ தங்கையோ எளிதில் கலங்குபவராயின், கேலி செய்பவராக இராமல் உடனிருப்பவராக இருங்கள். இத்துறையிற் பணிபுரிய விரும்புவோருக்கு 2016ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டப்படிப்பு இருக்கிறது. பாட்டியிடம் தமிழில் பேசி, பேரனின் நாளைப் புரிந்துகொள்ளும் சிகிச்சையாளர்கள் நமக்குத் தேவை. உங்களுள் ஒருவர் அப்பணிக்கு வந்தாலும் இவ்வுரையின் பயன் நிறைவேறும்.

நிறைவாக, அச்சிறுவனிடமே திரும்புகிறேன். அவன் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இரைச்சல் குறைந்த ஒரு மேசை, திறக்கக்கூடிய ஒரு புட்டி, ஐந்து சொற்கள், தன் உடலில் நிகழ்வதைச் சொல்ல ஒரு மொழி, அதைக் கேட்க ஒருவர். உண்ணல், உடுத்தல், எழுதுதல் என்று நாம் கரும்பலகையில் எழுதுகிறோம். அவை ஒவ்வொன்றும் ஏதோவொரு குழந்தைக்கு அன்றைய நாளின் போராட்டம் என்பதை நினைவில் வைப்போம். நாளை காலை வகுப்பில் ஒரு பென்சில் பெட்டி பறந்தால், அதை எடுத்து வைத்துவிட்டு, இவன் இடைவேளையில் சாப்பிட்டானா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.